எலுமிச்சை மட்டும்

காலை பத்து மணி ஐந்து நிமிடம். இருபது மாணவிகள். சங்கரவடிவு டீச்சர் எழுந்துபோய் மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் மூன்றையும் சாத்தினாள். பிள்ளைகள் கணக்குப்பதிவியல் வினாத்தாளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எழுதத் தொடங்குவதற்குப் பத்தே காலுக்குத்தான் மணி அடிப்பார்கள். சுவரோரம் இருந்த ஒருத்தி தலையைத் தூக்கி, "டீச்சர், காத்து வராதே" என்றாள். "தூசி வருது, நீ வாசி" என்றாள் சங்கரவடிவு. தூசி ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் எலுமிச்சம்பழக் கமிஷன் கடைகள். மூடை மூடையாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சங்கரன்கோவிலிலிருந்து அரை மணி நேரப் பஸ், இந்த வழியாகக் குற்றாலத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஆனால் மகளும் அவளும் உட்கார்ந்து எலுமிச்சை என்று முடிவு செய்த அன்று, பரீட்சை டூட்டி எந்த ஊரில் விழும் என்று யார் கண்டது. குலுக்கல் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். மாவட்டத்தில் இத்தனை ஊர் இருக்க, குலுக்கலில் புளியங்குடி வந்திருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அந்த மணம் முகத்தில் அடித்தது, ஊர்க்காரர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, அவள் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இடது தோளில் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்த பின்னைத் தொட்டுப் பார்த்தாள். தொடக்கூடாது, தொட்டால்தான் கண்ணில் படும், ஆனால் கை போகிறது. பார்வைக்கு ஒரு பெரிய சட்டைப் பொத்தான், வெண்கல நிறம், நடுவில் ஊசிமுனை அளவுக்கு நாலு துளை. அதற்குள் ஒரு சிம், ஒரு பாட்டரி, ஒரு சொட்டு எலுமிச்சை எண்ணெய். கோயம்புத்தூரில் மகள் உமையாள் தன் போனில் ஒரு இடத்தைத் தொட்டால் அந்தச் சொட்டு இங்கே சூடாகி ஆவியாகி அவள் மூக்குக்கு வரும். சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது. காலையில் முதன்மைக் கண்காணிப்பாளர் எல்லோரையும் நிறுத்திவைத்து விதிமுறையை வாசித்தார்: செல்போன், கையில் கட்டிப் பேசுகிற கடிகாரம், மின்னணுப் பொருள் எதுவும். எல்லோரும் போனை அணைத்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டார்கள். அவளும் போட்டாள். முப்பத்தோரு வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை, அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட், தோளில் மின்னணுப் பொருளோடு நின்று, மின்னணுப் பொருள் கொண்டு வரவில்லை என்று கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து வழக்கம்போலத்தான் விழுந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பதினோரு மணிக்கு டாக்டர் சொல்லுவார். பதினோரு மணிக்குத்தான், அதற்கு முன்னால் நினைக்கக்கூடாது என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தாள், தீர்மானம் புளியங்குடிவரைகூட நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போது போன் வந்தது. "அம்மா, ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, இடது பக்கம் சின்னதா கட்டி மாதிரி இருக்கு, டாக்டர்ட்ட காட்டலாம்னு." தோசை கருகியது. கருகிய மணம் வந்ததா? வந்திருக்கும், அவளுக்கு ஞாபகம் இல்லை, கல்லில் கறுப்பாக ஒட்டியிருந்ததைச் சாயங்காலம் சுரண்டியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கேன்சர் என்ற சொல்லை அம்மாவும் மகளும் இதுவரை வாயால் சொல்லவில்லை. 'அது' என்றார்கள். அதுவா இருக்காதும்மா. அதுன்னா இப்படி வலிக்காதாம். போன வாரம் கோயிலில் பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண்ணை வாங்கப் போன கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஊரே அதைப் பூசித்தான் உடம்பு சரியாகிறது, அவள் பேறுகாலத்திலேயே பூசியிருக்கிறாள், ஆனால் அந்தப் பெயரோடு ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுபோக மனசு வரவில்லை. லீவு போட்டிருக்கலாம். என்ன காரணம் எழுதுவது? மகளுக்கு இருபத்தெட்டு வயது, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஸ்டாஃப் ரூமில் ஒரு தடவை சொன்னால் மத்தியானத்துக்குள் ராஜபாளையம்வரை போய்விடும். பாவம் வடிவு டீச்சர் மகளுக்கு. அந்தப் பாவம் வந்து ஒட்டிக்கொண்டால் அப்புறம் கட்டி வெறும் கட்டியாகவே இருந்தாலும் போகாது. உமையாளின் அப்பா இருந்திருந்தால் அவரைத் துணைக்கு அனுப்பியிருக்கலாம். அவர் இருந்திருந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் இவளுக்கு முன்னால் அழுதிருப்பார், அது வேறு.

"நீ போம்மா டூட்டிக்கு, நான் ரூம்மேட்டைக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஊருக்கு வந்திருந்த உமையாள்தான் சொன்னாள். "ஒண்ணே காலுக்கு வெளிய வந்து போன் பண்ணு, சொல்லுதேன்." அதுவரை மூன்று மணி நேரம் தெரியாமல் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது என்றாள் சங்கரவடிவு. அப்போதுதான் உமையாள் தன் பையிலிருந்து இந்தப் பொத்தானை எடுத்தாள். அவள் வேலை செய்கிற கம்பெனி பீளமேட்டில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஏழெட்டுப் பேர். மணத்தால் சேதி சொல்லுகிற கருவி செய்கிறார்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு, ஓயாமல் மிஷின் சத்தம் இருக்கிற மில்லில் வேலை பார்க்கிறவருக்கு, கண்ணும் காதும் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு. முதலில் கேட்டபோது சங்கரவடிவு சிரித்தாள். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிக்கவைத்தது ஊதுபத்தி உருட்டவா?

"நாலு குழி இருக்கும்மா. கிராம்பு, சந்தனம், புதினா, எலுமிச்சை. எது எதுக்குன்னு சொல்லு."

"நல்ல சேதின்னா எலுமிச்சை."

"சரி. கெட்டதுக்கு?"

"கெட்டதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அம்மா, அப்படி வச்சா சிஸ்டமே உருப்படாது. ஒண்ணும் வரலைன்னா நீ என்னன்னு எடுத்துக்குவ? டாக்டர் வரலையா, டவர் கிடைக்கலையா, இல்ல..."

"ஏட்டி, ஒரு வாசத்தைக் கெட்டதுன்னு வச்சாச்சுன்னா ஆயுசுக்கும் அந்தச் சாமானை அடுப்படிக்குள்ள விட முடியுமா? கிராம்பு இல்லாம உனக்குக் குருமா எறங்குமா?"

உமையாள் சிரித்தாள். "அப்ப நான் என்னத்த அனுப்ப?"

"நீ எலுமிச்சைதான் அனுப்புவ."

உமையாள் பொத்தானின் மூடியைத் திருகித் திறந்தாள். பிறகு ஒரு சின்ன இடுக்கியால் மற்ற மூன்று குப்பிகளையும் எடுத்துத் தாளில் மடித்து வைத்தாள்.

மணி அடித்தது. இருபது பேனாக்கள் ஒரே நேரத்தில் இறங்கின. அவள் வரிசைக்கு வரிசை போய் முகப்புத் தாளில் கையெழுத்துப் போட்டாள், பதிவெண்ணைச் சரிபார்த்தாள், ஹால் டிக்கெட்டில் இருக்கிற முகத்தையும் எதிரே இருக்கிற முகத்தையும் ஒப்பிட்டாள். படத்தில் இருந்ததைவிட எல்லா முகமும் இளைத்திருந்தது. குனியும்போதெல்லாம் ஒவ்வொரு தலையிலிருந்தும் ஒவ்வொரு வாசம் வந்தது, இவ்வளவு வருடம் எத்தனை பரீட்சை ஹாலில் நின்றிருக்கிறாள், இதையெல்லாம் ஒருநாளும் முகர்ந்ததில்லை. தேங்காயெண்ணெய், ஷாம்பு, ஒருத்தியிடம் விபூதி, ஒருத்தியிடம் விக்ஸ், ஒருத்தியின் யூனிஃபார்மில் காயாத துணியின் புழுக்க வாசம், பின்னால் கட்டு கட்டாக விடைத்தாள் வாசம், கதவருகே பினாயில். மூக்கு எல்லாவற்றையும் பிடித்து இழுத்துப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று கீழே போட்டது. சின்னப் பிள்ளைகள் குப்பைமேட்டில் கிளறுவது மாதிரி. பதினோரு மணிக்கு முன்னால் வராது, வர வழியில்லை, இருந்தாலும் மூக்கு கிளறியது. டோக்கன் எத்தனையாவது என்று கேட்க மறந்துவிட்டாள். பதினோரு மணி என்றால் பதினோரு மணிக்கு டாக்டர் வருவாரா, பதினோரு மணிக்கு உமையாளைக் கூப்பிடுவாரா? டாக்டர்கள் பதினோரு மணி என்றால் பன்னிரண்டு. முன்னால் எட்டுப் பேர் இருந்தால் ஒரு மணி. ஒரு மணி என்றால் எப்படியும் பரீட்சை முடிகிற நேரம், அப்புறம் இந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லை, இவ்வளவு பயந்ததும் சும்மா. நல்லது என்றால் டாக்டர் சீக்கிரம் சொல்லி அனுப்பிவிடுவார். கெட்டது என்றால்தான் உட்காரச் சொல்லுவார், தண்ணி கொடுக்கச் சொல்லுவார், கூட யாரு வந்திருக்கா என்று கேட்பார். கூட யாரு வந்திருக்கா? ரூம்மேட். அம்மா வரலையா? அம்மாவுக்குப் பரீட்சை டூட்டி.

பதினோரு மணி அடித்தது, கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அடுத்த மணியும் அடிக்கப்போகிறது போல அவளுக்கு இருந்தது, ஆனால் கடிகார முள் அங்கேயே நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். அறைக் கண்காணிப்பாளர் உட்காரக்கூடாது என்று விதி. கரும்பலகைப் பக்கம் நின்றால் மின்விசிறிக் காற்று தோளைத் தாண்டிப் பின்னால் போகிறது, மணம் வந்தாலும் அவளுக்குத் தெரியாமல் சுவரில் போய் முட்டும், அதனால் நடு வரிசைக்கு வந்தாள். அங்கே காற்று மேலிருந்து நேராக அடித்தது. மணம் என்பது சத்தம் மாதிரி இல்லம்மா என்று உமையாள் சொல்லியிருந்தாள், காத்துக்குக் கட்டுப்பட்டது, அதுதான் எங்க கம்பெனிக்குப் பெரிய தலைவலி, இன்னொரு தலைவலி மூக்கு. எந்த வாசத்துக்கும் மூக்கு கொஞ்ச நேரத்துல பழகிடும், அப்புறம் அது இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லும். கொடைக்கானலுக்குப் போன பஸ்ஸில் உமையாளுக்கு ஆறு வயது. மலை ஏறத் தொடங்கியதும் முகம் வெளுத்தது, அவள் அப்பா ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவள் கையில் கொடுத்தார், பழத்தை மூக்கோடு அழுத்தி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னட்டி செய்யுது என்று கேட்டால், ஒண்ணுமில்ல என்பாள். ஒரு தடவை சொன்னால் உண்மை, சும்மா இருக்கலாம். ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல என்று இரண்டு தடவை சொன்னால் உடனே வாந்திக்குப் பையை விரிக்க வேண்டும். அன்றைக்கு விரிக்க நேரமாகிவிட்டது, அவருடைய வெள்ளைச் சட்டை போயிற்று. மேலே போய் இறங்கியதும் அந்தப் பழத்தை முகர்ந்துகொண்டே ஓடினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எலுமிச்சை என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

வந்தது. பதினொன்றரை மணியை அடிப்பதற்குச் சற்று முன்னால், மூன்றாவது வரிசைக்கும் நாலாவது வரிசைக்கும் நடுவில் அவள் கூடுதல் தாளுக்கு நூல் எடுத்துக்கொண்டு போகும்போது, வந்தது. முதலில் நம்பவில்லை, ஜன்னலைப் பார்த்தாள், மூன்றும் சாத்தியிருந்தது, கொண்டி போட்டிருந்தது. இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள். எலுமிச்சை. தோல் கீறிய எலுமிச்சை, சுளீரென்று, சந்தேகமே இல்லாத எலுமிச்சை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உமையாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனைத் தொடுகிற விரல் தெரிந்தது, அந்த விரலில் நகத்தைக் கடிக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், இனிமேல் கடித்துக்கொள்ளட்டும். கட்டி வெறும் கட்டி. கொழுப்புக் கட்டி, அவள் அத்தைக்கும் முதுகில் இருந்தது, அதுபாட்டுக்கு இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறிக் கோயம்புத்தூர் போய்விடலாம், நாளைக்கு டூட்டி இல்லை, குருமா வைத்துக் கொடுக்கலாம், கிராம்பு தாராளமாகப் போட்டு. நூல் கேட்ட பிள்ளைக்கு நூலைக் கொடுத்தாள், கேட்காத பிள்ளைக்கும் கொடுத்தாள். விக்ஸ் வாசம் அடித்தவளிடம் குனிந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்றாள். அந்தப் பிள்ளை பயந்துபோய் வேண்டாம் என்று தலையாட்டியது. நடை மாறிவிட்டதை அவளே உணர்ந்தாள், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள், நினைக்கட்டும். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்த குறளை வாசித்தாள், அதில் ஒரு எழுத்து அழிந்திருந்தது, அதுகூட நன்றாக இருந்தது. வராந்தாவில் ஒரு காகம் கத்தியது. ஒன்றும் செய்யாது, கத்தட்டும்.

நாலாவது வரிசையில் கடைசி பெஞ்சு. ஒரு பிள்ளை வலது கையால் எழுதிக்கொண்டிருந்தது, இடது கை மேஜைக்குக் கீழே இருந்தது. முப்பத்தோரு வருடப் பழக்கம் அவளை அங்கே நிறுத்தியது. மேஜைக்குக் கீழே இருக்கிற கை என்றால் பிட். "கையை மேல வை" என்றாள். கை மேலே வந்தது, பொத்தியபடி. "தெற." விரல்கள் விரிந்தன. உள்ளே ஒரு எலுமிச்சம்பழம், நன்றாகப் பழுத்தது, தோலெல்லாம் நகத்தால் கீறிக் கீறி வெள்ளை தெரிந்தது. உள்ளங்கை ஈரமாக இருந்தது. "அம்மா கொடுத்துச்சு டீச்சர்," என்றது பிள்ளை காற்றுக் குரலில், "கருப்பசாமி காலடியில வச்ச பழம். கையில வச்சிருந்தா பயம் வராதாம்." ஹால் டிக்கெட்டில் பெயர் சுடலைவடிவு என்று இருந்தது. எப்ப இருந்துட்டி கீறுத என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். மணம் வந்ததற்கு முன்னாலா, பின்னாலா? கேட்காமல் இருந்தால் இரண்டும் இருக்கும்.

அப்புறம் இரண்டும் இருந்தது, இரண்டும் இருப்பதுதான் வேதனை என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை. வந்தது பழத்தின் மணம் என்றால் உமையாள் இன்னும் ஒன்றும் அனுப்பவில்லை. உமையாள் அனுப்பியது என்றால் பழம் வெறும் பழம். இரண்டும் ஒரே நேரத்தில் என்றால், அப்படியும் நடக்கலாம், யார் இல்லை என்றது. பொத்தானை மூக்குவரை தூக்கி முகர்ந்து பார்த்தால் தெரியும். ஹாலுக்கு நடுவில் ஒரு டீச்சர் தன் சேலையைத் தூக்கி மோந்து பார்த்தால் இருபது பிள்ளைகளும் பேனாவை வைத்துவிடும். தலையை மட்டும் இடது பக்கம் சாய்த்தாள், கழுத்து சுளுக்கியவள் மாதிரி, மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. எலுமிச்சையே இல்லை. ஹால் முழுக்க இருந்த மணம் எங்கே போயிற்று? சுடலைவடிவு இன்னும் கீறிக்கொண்டுதான் இருக்கிறாள், கை மறுபடியும் மேஜைக்குக் கீழே போய்விட்டது. மூக்கு பழகிவிட்டது. உமையாள் சொன்னபடியே பழகிவிட்டது. இனிமேல் உமையாள் அனுப்பினாலும், ஒரு குடம் எலுமிச்சைச் சாற்றை ஊற்றினாலும், தெரியாது. சந்தோஷத்தில் அள்ளி அள்ளி இழுத்தாளே, மூச்சு மூச்சாக, அத்தனையும் வீண். இந்தப் பிள்ளையிடமிருந்து பழத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, மூக்கு ஆறட்டும் என்று நிற்கலாம். ஜன்னலைத் திறந்தால் சந்தைத் தாண்டி கமிஷன் கடை. பழத்தை மட்டும் பிடுங்கலாம். விதிமுறையில் பழம் இல்லை, ஆனால் டீச்சர் பிடுங்கினால் யார் கேட்கப்போகிறார்கள். கிட்டே போனாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. அந்தக் கண்ணில் பயம் இருந்தது, இருப்புநிலைக் குறிப்பு சரியாக வராத பயம், பழம் கையில் இருந்தும் போகாத பயம். சங்கரவடிவு கை நீட்டி, நகர்ந்து கிடந்த வினாத்தாளை மேஜைமேல் சரியாக வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பிடுங்கினால் இந்தப் பிள்ளைக்கு எதுவோ ஆகும். அப்படி ஆகிவிட்டால் உமையாளுக்கும் எதுவோ ஆகும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம், ஒன்றும் இல்லை, இருந்தாலும் அவளால் பிடுங்க முடியவில்லை.

வராந்தாவில் செருப்புச் சத்தம். கதவில் நிழல். பறக்கும் படை. ஒரு ஆணும் ஒரு பெண்ணும். ஆண் வாசலில் நின்றுகொண்டார், அந்த அம்மா உள்ளே வந்தாள், கட்டைகுட்டையான உடம்பு, கழுத்தில் அடையாள அட்டை, வந்ததும் மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன டீச்சர், ஜூஸ் கடை போட்டிருக்கியளா? வாசம் தூக்குது!"

"மார்க்கெட்டுல இருந்து வருது மேடம்."

"ஜன்னல்தான் சாத்தியிருக்கே."

தோளில் இருந்த பொத்தான் கல் மாதிரி கனத்தது. இந்த அம்மாவுக்கு மூக்கு பழகவில்லை. இந்த அம்மா இப்போதுதான் வெளியிலிருந்து வருகிறாள், புது மூக்கு, இவளைப் பக்கத்தில் நிறுத்தி, எங்கிருந்து வருது மேடம், அங்கிருந்தா என் தோளிலிருந்தா என்று கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். கேட்கிற ஆசை தொண்டைவரை வந்தது. அந்த அம்மா மோப்பம் பிடித்துக்கொண்டே நாலாவது வரிசைக்குப் போனாள்.

"என்னட்டி இது? உள்ள பிட்டு வச்சிருக்கியா?"

"இல்ல மேடம், சாமி பழம்."

"எந்தச் சாமி, கொஸ்டின் பேப்பரு அவுட்டாக்குற சாமியா?" பழத்தை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், அமுக்கினாள், திருப்பிக் கொடுத்தாள். "எழுது, எழுது. எம்மவனும் போன வருஷம் இதுமாதிரி ஒண்ணு வச்சிருந்தான். பழம் பாஸாயிட்டு, அவன்தான் பெயிலு." முன் பெஞ்சில் ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மா திரும்பி வரும்போது சங்கரவடிவின் முன்னால் நின்றாள். தோளைப் பார்த்தாள். "பின்னு நல்லாருக்கே டீச்சர். எங்க வாங்கினிய?"

"எம்மவ கொடுத்தா. கோயம்புத்தூர்ல இருக்கா."

"மக கொடுத்ததா? கொடுத்து வச்சிருக்கணும். எனக்கு ரெண்டும் ஆணு." பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கோயம்புத்தூர்ல இருக்கா. இருக்கா என்று சொன்னதை சங்கரவடிவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், ஒரு சகுனம் மாதிரி, பிறகு அதைச் சகுனம் என்று நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மீதி நேரம் எப்படிப் போயிற்று என்று அவளால் சொல்ல முடியாது. கூடுதல் தாள் கொடுத்தாள், ஒருத்தியைக் கழிப்பறைக்கு அனுப்பி வைத்தாள், மணி அடிக்க அடிக்க கரும்பலகையில் நேரத்தை எழுதினாள். வந்தது, வரவில்லை, வந்தது, வரவில்லை. ஒண்ணே காலுக்குக் கடைசி மணி அடித்ததும் தாள்களை வாங்கி, பதிவெண் வரிசையில் அடுக்கி, கீழே கொண்டுபோய்க் கொடுத்து, கூடையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு நேராகக் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டாள். சேலைப் பின்னைக் கழற்றினாள். மூடியைத் திருகினால் திறக்கும் என்று உமையாள் காட்டியிருந்தாள். இரண்டு தடவை வழுக்கியது. திறந்தது. காலையில் மஞ்சளாக ஒரு சொட்டு நின்ற குப்பி காய்ந்து கிடந்தது. திரி கருகியிருந்தது.

அனுப்பியிருக்கிறாள். கழிப்பறைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு சங்கரவடிவு அழுதாள், சத்தம் வராமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது, கருப்பசாமி பழமும் மகள் அனுப்பியதும். எத்தனை பெரிய முட்டாள், சந்தேகப்பட்டாளே. முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு மூடிய கடையின் நிழலில் நின்று போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் உமையாள்.

"அம்மா, வந்துச்சா?"

"நீ சொல்லு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதான் எலுமிச்சை அனுப்பினேன்லா. வந்துச்சா, இல்லையா? இங்க அனுப்பிட்டேன்னுதான் காட்டுது."

"சரிட்டி, அவர் வாயால என்ன சொன்னாரு, அதைச் சொல்லு."

எதிர்முனையில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது, பிறகு யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமில்ல. நீ முதல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு, அப்புறம் பேசுவோம்."

சங்கரவடிவின் இடது கை, அவள் சொல்லாமலே, தோளில் தொங்கிய பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து வாயை அகல விரித்துப் பிடித்தது. எதிரே ஒரு மினி லாரியில் பழ மூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூடை வாய் பிரிந்து நாலைந்து பழங்கள் தெருவில் உருண்டன. ஏற்றுகிறவன் ஒன்றைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த மூடைக்குப் போனான். கெட்டதுக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். நீ எலுமிச்சைதான் அனுப்புவ என்றும் அவள்தான் சொன்னாள்.

"அம்மா, இருக்கியா? வந்துச்சான்னு கேட்டேன்லா."

"வந்துச்சு" என்றாள் சங்கரவடிவு. "நல்ல வாசம். ஹால் பூரா மணத்துச்சு. சோதனை பண்ண வந்த அம்மாகூடக் கேட்டா."

"கேட்டாளா?" உமையாள் சிரித்தாள்.

"கேட்டா. நான் இப்படியே கோயம்புத்தூர் பஸ் ஏறுதேன். சாப்பாடு நீயும் நானும் சேந்து சாப்பிடுவோம்."

உமையாள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை காலை, கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், உமையாளின் இடது மார்பகம் அறுவை சிகிச்சை மூலம் அகற்றப்பட்டது.